ராட்டினத்தில் இரண்டு கண்ணாடிகள்

1946 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, பங்குனி 30. பெரம்பலூரில் எங்கள் வீட்டில் அன்றும் விடியுமுன்பே எழுந்தோம். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணத்தை அள்ளிக் குப்பையில் சேர்த்துவிட்டு, அடுப்பு மூட்டினேன். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா, நான், தங்கை மூவரும் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகினோம். அப்பா பருத்திக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பழைய சோறும் மோரும் சாப்பிட்டார். எல்லாம் மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போலத்தான். அன்று நாங்கள் குடும்பத்தோடு அரியலூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பதுதான் வித்தியாசம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தினக்குறிப்பு எழுதும் பழக்கம் அப்போதே உண்டு. அன்றைய குறிப்பில் பஸ் புறப்பட்ட நேரம், வெயில், திருவிழாக் கடையில் வாங்கிய சாமான் எல்லாம் இருக்கின்றன. ராட்டினத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆகவே இதை ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

என் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோப்பேன், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிப்பேன். நாலடி தள்ளிவிட்டால் எல்லாம் கரைந்துவிடும். ஆறாவது வகுப்பில் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறேன் என்று டீச்சர் கண்டுபிடித்து அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். அப்பா திருச்சிக்கு அழைத்துப்போய் மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். பக்கவாட்டில் பார்த்தால் கடலைமிட்டாய்க் கனம் இருக்கும். திரும்பி வரும் வழியில், தந்திக் கம்பங்களுக்கு நடுவே கம்பி ஓடுகிறது என்பதைப் பஸ் ஜன்னல் வழியாக முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை அவை வெறுமனே வரிசையாக நட்டு வைத்த மரங்கள் என்றே நினைத்திருந்தேன்.

வயதுக்கு வந்த பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். கண்ணாடி அடுப்படிக்கும் கொல்லைக்கும் மட்டும். வாசல் பக்கம் வரும்போது கழற்றிவிட வேண்டும். தெருவில் இறங்கினால் அதைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ‘கண்ணாடி போட்ட பொண்ணு’ என்று ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் பிறகு அதைத் துடைக்க முடியாது என்பாள். யாராவது வெளிக்கதவைத் தள்ளினால் தங்கை இருமுவாள். நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முதலில் கண்ணாடியைக் கழற்றுவேன்.

தெருவில் தங்கைதான் எனக்குக் கண். அவளுக்குப் பதினாறு வயது. கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். படி ஏற வேண்டுமென்றால் ஒரு அழுத்து, பள்ளமென்றால் இரண்டு அழுத்து, தெரிந்தவர்கள் எதிரே வந்தால் ஒரு கிள்ளு. கிள்ளு விழுந்தவுடன் நான் சிரிக்க வேண்டும். வேண்டாத ஆளுக்கும் சில சமயம் கிள்ளிவிடுவாள். தெருக்கோடியில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்து நான் மரியாதையாகச் சிரித்ததைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

இவ்வளவு செய்தும் இரண்டு இடம் வந்து கலைந்துபோயிருந்தன. முதலில் வந்தவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தார் வந்தபோது நான் வெற்றிலைத் தட்டை மாப்பிள்ளையின் தாயாருக்கு நீட்டுவதாக நினைத்து, தூணில் சாய்ந்திருந்த சமையல்காரிக்கு நீட்டினேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனால்தான் தங்கைக்குப் பார்க்க முடியும். அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

மூன்றாவதாக வந்ததுதான் ஜெயங்கொண்டத்துப் பக்கத்து இடம். முந்திரித் தோப்பு உள்ள குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முறையாகத் தட்டு வைத்துப் பெண் பார்க்கிறதற்கு முன்னால், தேர் திருவிழா மாதிரி ஒரு பொது இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. கூட்டத்தில் பார்த்தோம், பிரிந்தோம், அவ்வளவுதான். அரியலூருக்குப் பக்கத்தில் பெருமாள் கோயில் தேர் முடிந்து கடைகள் கலையாமல் இருந்தன. அங்கே வெள்ளிக்கிழமை சந்திப்பது என்று ஏற்பாடு.

எனக்கு அந்த இடம் அமைய வேண்டும் என்று ஆசை இருந்தது. மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாத்தியார் என்பதால் வந்த ஆசை அது. புத்தகம் படிக்கிற மனுஷன் வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிட்டு, பகலிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். நகையோ நிலமோ என் கணக்கில் இல்லை.

பஸ் அப்போதெல்லாம் கரி வாயுவில் ஓடியது. சண்டை முடிந்தும் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கவில்லை. பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. கிளம்புவதற்கு முன் ஓர் ஆள் அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கி நடப்பார்கள். கரிப்பொடி அம்மாவின் வெள்ளிக்கிழமைக் குளியலையெல்லாம் வீணாக்கிவிட்டது. எனக்கு நீலப் பட்டு உடுத்தியிருந்தார்கள். அம்மா வழியெல்லாம் ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“கண்ணாடி எங்கடி?” என்று காதோடு கேட்டாள்.

“இடுப்புல.”

“அவகிட்ட குடுத்துடுன்னேன்ல?”

“அவ தொலச்சுடுவா.”

“தொலச்சா தொலையட்டும், சனியன்” என்றாள் அம்மா. அப்புறம் வெள்ளிக்கிழமை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதென்று வாயில் அடித்துக்கொண்டாள்.

சந்தை முழுக்க எனக்குச் சத்தமும் நிறமுமாகத்தான் இருந்தது. நெல்லும் கடலையும் காணிக்கை கொண்டுவந்த வண்டிகளின் மாட்டு வாசனை, பொரிகடலை வறுக்கிற மணல் வாசனை, ஊதல் சத்தம். சிவப்பாக அசைந்தால் வளையல் கடை, வெள்ளையாக அசைந்தால் ஆண்கள் கூட்டம். தங்கை என் கையை விடவே இல்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் கிள்ளு விழுந்தது. சிரித்தேன்.

“வாங்க, வாங்க. நீங்களும் தேருக்கு வந்தீங்களா?” என்று அப்பா ஆச்சரியப்பட்டார். அதை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

“ஆமாங்க, சும்மா அப்புடியே” என்றது ஓர் ஆண் குரல். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளையின் தகப்பனார் நடமாட முடியாமல் படுக்கையில் இருந்தார். மாமன்தான் வீட்டுக்குப் பெரியவர். கூடவே மாப்பிள்ளையின் தாயாரும், கல்யாணமான அக்காவும். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்றார். எனக்கு அவர் ஒரு வெள்ளைச் சட்டை, மேலே ஒரு கறுப்பு. அந்த வெள்ளைச் சட்டை என்னைப் பார்க்காமல் பொரிகடலைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியது. பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அக்கா கலகலப்பானவள். என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்ததும் முகம் தெரிந்தது. பெரிய மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு.

“ஏம்புள்ள, இப்புடி மரத்தடியிலே நின்னா ஒன்னய எப்புடித் தெரிஞ்சுக்கறது? வா, ராட்டினம் ஏறலாம்.”

“அவளுக்கு ஒசரம்னா பயம்ங்க” என்றாள் அம்மா அவசரமாக.

“எனக்குந்தான் பயம். ரெண்டு பேரும் சேந்து பயந்துக்கறோம். டேய் தம்பி! நீயும் ஏறுடா. எதித்த தொட்டில்ல ஒக்காரு. கழுத்து வலிக்காமப் பாத்துக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். “நானும் வரேன்” என்றாள் தங்கை. “நீ இரு தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசணும்” என்று அவளை நிறுத்திவிட்டாள் அந்த அக்கா. தங்கை என் கையை ஒரு தடவை அழுத்தி விட்டாள். படி என்று நினைத்துக் காலைத் தூக்கினேன். படி இல்லை. சும்மா அழுத்தியிருக்கிறாள்.

அது மரத்தால் ஆன ரங்கராட்டினம். நான்கு தொட்டில். இரண்டு ஆட்கள் சட்டத்தில் தொங்கியும் மிதித்தும் சுற்றுவார்கள். ராட்டினக்காரருக்கு நல்ல கனத்த குரல்.

“வளையலு, வெத்தலப்பையி, மடியில முடிஞ்ச காசு எல்லாத்தையும் பத்திரம் பண்ணிக்குங்க தாயிங்களா! மேலேருந்து வுழுந்தா கீழ நிக்கறவன் அதிர்ஷ்டம்!”

நானும் அக்காவும் ஒரு தொட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்தோம். மாப்பிள்ளையும் யாரோ ஒரு வெளியூர்க்காரரும் நேர் எதிர்த் தொட்டிலில். சக்கரம் அசைந்தது. முதல் சுற்றிலேயே அக்கா, “ஆத்தாடி, எறக்கி வுடுங்க!” என்று கத்திவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்குத் தரை போய்விட்டது. கீழே நிற்கும்போது கரைந்திருக்கிற உலகம் சும்மா நின்றுகொண்டாவது இருக்கும். மேலே அது சுழன்றது. எது வானம், எது கூட்டம், எது என்மேல் மோதப்போகிற மரக்கிளை என்று ஒன்றும் தெரியவில்லை. இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பயத்தினால் போட்டேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். பயம் பாதிதான் காரணம். மடியில் ஒருத்தி கண்ணை மூடிக் கிடக்கிறாள், யாரும் பார்க்கப்போவதில்லை, எதிரே இருக்கிற மனுஷனை ஒரு தடவையாவது பார்த்துவிடலாம் என்பதும்தான்.

முதலில் தெரிந்தது கோபுரம். பிறகு அரியலூர்ப் பக்கம் ரயில் புகை. பிறகு கீழே கூட்டம், ஒவ்வொரு தலையும் தனித்தனியாக. புளியமரத்தடியில் அம்மா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்கும் அடுப்படிக்கும் வெளியே, தூரத்திலிருந்து, அம்மாவின் முகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. வீட்டில் இருக்கும் அம்மாவைவிட இந்த அம்மா வயதானவளாக இருந்தாள்.

எங்கள் தொட்டில் இறங்கிப் பாதி உயரத்துக்கு வந்தபோது எதிர்த் தொட்டிலும் அதே உயரத்துக்கு ஏறி வந்தது. நடுவில் அச்சுமரம் மட்டும். அவரைப் பார்த்தேன்.

அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

வட்டமான கம்பிக் கண்ணாடி. அதன் ஒரு காதுக் கம்பி நூலால் கட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும், இன்னும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த விரலாலேயே தன் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என்னுடையதைத் தொட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் கேட்கவில்லை; பல் தெரிந்தது. முன்பல்லில் ஒன்று லேசாக ஒடிந்திருந்தது.

மரத்தடியில் அந்த வெள்ளைச் சட்டை ஏன் பொரிகடலைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது. அவருக்கு நான் ஒரு நீலம். எந்தத் திசையில் இருக்கிற நீலம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார்.

சுற்று வேகம் பிடித்தது. அவர் மேலே போனார், நான் கீழே வந்தேன். பாதி உயரத்தில் மறுபடி நேருக்கு நேர். ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டோம்.  எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, கண்ணாடி மங்கியது. துடைப்பதற்காக லேசாக உயர்த்தினேன். அவரும் காற்றுக்குத் தன்னுடையதை அழுத்திப் பிடித்தார். கீழேயிருந்து ராட்டினக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டார்.

“மேல நீலச் சேல கண்ணாடிக்காரம்மா! எதிர்த்தாப்புல வெள்ளச் சட்ட கண்ணாடிக்காரரே! ரெண்டு பேரும் கழட்டிக் கையில புடிச்சுக்குங்க! வுழுந்து ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல!”

சக்கரத்தைச் சுற்றியிருந்த அவ்வளவு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ராட்டினக்காரர் நல்லதைத்தான் சொன்னார். கண்ணாடி உடைந்தால் எங்களுக்குத்தானே நஷ்டம் என்று, இன்னொரு தடவையும் உரக்கச் சொன்னார்.

தொட்டில் நின்றதும் அக்கா தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“அய்யய்யோ, நீயுமா?” என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். “எந்தம்பி கண்ணாடிய மறைக்கறதுக்கு எங்கம்மா ஒரு மாசமாப் பாடு படுதுடி! கீழ மேல பாத்து நடடா, கல்லு தடுக்கி வுழுந்து மானத்த வாங்காதடான்னு வழியெல்லாம் பாட்டு. இங்க பாத்தா நீயும்!”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் நம்பிக்கை வந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே இறங்கி, மரத்தடிக்கு நானே நடந்து போனேன். தங்கை கையை நீட்டினாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவர்கள் அதற்குள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் பேசியது மாப்பிள்ளையின் தாயார்.

“பொண்ணுக்குக் கண்ணாடின்னு ஒரு வார்த்த சொல்லலிங்களே.”

“நீங்களும்தான் சொல்லலிங்க” என்றாள் அம்மா.

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். “அப்பறம் என்னாங்க? நாங்க பண்ண திருட்டுக்கும் நீங்க பண்ண திருட்டுக்கும் சரியாப் போச்சு. ஒரு வூட்டுல ரெண்டு பேரும் திருடங்க.”

அவருடைய தாயாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அம்மாவும். அந்த ஒரு நிமிஷம் கல்யாணம் நடந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. தங்கை என்னை இடுப்பில் குத்தினாள்.

தாய்மாமன் சிரிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துத்தான் பேசினார்.

“அண்ணே, ஒரு கண்ணாடின்னா வேற. மறைச்சீங்க, மறைச்சோம், போவட்டும். ஒருத்தரு கண்ணு கம்மின்னா இன்னொருத்தரு பாத்துக்குவாங்க. ரெண்டும் கண்ணாடின்னா, நாளைக்குப் பொறக்கறதுக்கு என்னாங்க கெதி? பொட்டக் கண்ணோட பொறந்துச்சுன்னா யாரப் போய்க் கேக்கறது?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா” என்றார் அவர். முதல்முறையாக அவர் குரலைக் கேட்டேன். “நான் நல்லாப் பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு.”

“நீ சும்மா இருடா. இது நீ மட்டும் பாக்கற விசயம் இல்ல.”

அவருடைய தாயார் அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுத்துப் பேசுவாள் என்று நான் காத்திருந்தேன். இந்த இடத்துக்காகச் சற்று முன்புதான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தவள் அவள். அம்மா தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

“அவுங்க சொல்றது நெசந்தாங்க” என்றாள். “நாம பட்டது போதும். பொறக்கறதும் படணுமா?”

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டார்.

இந்தப் பேச்சைப் பல வருஷம் எனக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என் தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அவர்கள் மகளுக்கு எட்டு வயதிலேயே கண்ணாடி வந்தது. இப்போது அவள் மதராஸில் வேலை பார்க்கிறாள். கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற சின்ன வில்லை போட்டிருக்கிறாள். பார்க்கிற யாருக்கும் தெரியாது. பொருட்காட்சிக்குப் போனால் பெரிய ராட்டினத்தில் ஏறுகிறாளாம். “வில்லை காத்துல எகிறிடும்னு பயம் பெரியம்மா. மேல போனதும் கண்ண இறுக்கி மூடிக்குவேன்” என்று சிரிக்கிறாள். மூடிக்கொண்டால் ஏறுவானேன் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மாமன் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வது? அன்று மரத்தடியில் நின்ற எட்டுப் பேரில் பாதிப் பேர் இல்லை. ஆனால் அம்மா மட்டும் அன்று பிறக்கப்போகிற ஒரு குழந்தையை நினைத்துத்தான் பேசினாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சுமங்கலி வெறுங்கையோடு பிரியக் கூடாதென்று அவருடைய தாயார் அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தார். தன் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளி எனக்கு வைத்துவிட்டார். “நல்ல எடமா அமையும் தாயி” என்றார். அக்கா என் கையைப் பிடித்தவள் விடாமல் நின்றாள், இப்போது சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். நாங்கள் போவது அவருக்குத் தெரிந்திருக்காது. நீலம் ஒன்று சின்னதாகிக்கொண்டே போனது தெரிந்திருக்கலாம்.

எனக்கு அவர் தெளிவாகத் தெரிந்தார். வளையல் கடை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

அப்பா கடையில் நின்று ஒரு முறமும் இரும்புக் கரண்டியும் வாங்கினார். திருவிழாவுக்கு வந்தவர்கள் ஏதாவது வாங்கித்தானே ஆக வேண்டும். பஸ்ஸில் தங்கை என் தோளில் தூங்கிவிட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. அம்மாவும் கழற்றச் சொல்லவில்லை. பெரம்பலூர் வந்ததும் பஸ் நிறுத்தத்தில் எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். அப்போதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அம்மா முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் எதையும் மறைப்பதை நிறுத்திவிட்டாள் என்று அந்த நடையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததன் அர்த்தம் வேறாக இருந்தது.

விளக்கு வைத்த பிறகு அப்பாவும் அம்மாவும் கொல்லையில் உட்கார்ந்து பேசினார்கள். எனக்குக் கேட்கக் கூடாதென்று மெல்லத்தான் பேசினார்கள். எனக்குக் காது எப்போதும் நன்றாகக் கேட்கும்.

“பெரியவளுக்காகச் சின்னவளயும் நிறுத்தி வைக்கறதா?” என்றார் அப்பா.

 “உங்க இஷ்டம்” என்றாள் அம்மா.

மறுநாள் சனிக்கிழமை. வாசல் தெளித்து, மாட்டைக் கவனித்து, வெளியே வெளிச்சம் வந்ததும் அப்பா பெட்டியைத் திறந்து தங்கையின் ஜாதகத்தை எடுத்தார். அது எலி கடித்து ஓரம் போயிருந்தது. குரும்பலூர்ச் சோசியரிடம் கொடுக்க நல்ல நகல் ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்து எனக்குத்தான் நேராக வரும்.

“எழுதிக் குடுக்கிறியாம்மா?” என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

“குடுங்கப்பா.”

“உள்ள இருட்டா இருக்கு. வாசப்படியில ஒக்காந்து எழுது” என்றாள் அம்மா.

எழுதுவதற்கு எனக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனாலும் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வாசற்படியில் உட்கார்ந்து, தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் காயவிட்டு, மேலே பிள்ளையார் சுழி போட்டு, தங்கையின் பெயரை எழுதினேன். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் போனவர்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரின் முகமும் எனக்குத் தெரிந்தது.